யாருடைய பிறந்தநாள்?

1

ஹெரால்ட் பின்டரின் 'தி பர்த்டே பார்ட்டி' நாடகத்தைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் யோக்யதை ஒன்றுதான். நான் ஒரு பிறந்தநாள் விழாவை முன்நின்று நடத்தியிருக்கிறேன். யாரும் குறை சொல்ல முடியாதபடி நடத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் இந்த நாடகத்தைப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் படித்த காலத்தில் நான் படித்தது பரீட்சைக்கான நாடகம்.

அப்போது வகுப்பில் 'காமெடி ஆஃப் மெனஸ்' என்ற தொடரைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். இர்விங் வார்டில் என்ற விமர்சகர் 1958இல் பின்டருக்குப் பொருத்திய தொடர் அது. சிரிப்பும் பயமும் கலந்த நாடகம் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டால் போதும், மதிப்பெண் கிடைத்துவிடும். எழுதினேன், கிடைத்தது. ஒரு படைப்பின்மேல் ஒட்டப்படும் லேபிள் பொருத்தமாக இருந்துவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. லேபிளைப் படித்துவிட்டுப் புட்டியைத் திறக்காமல் இருந்துவிடுகிறோம்.

நாடகத்தைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு பழைய வீடு. விடுதி என்று பெயர்; தங்கியிருப்பவன் ஸ்டான்லி ஒருவன்தான். முப்பதுகளின் கடைசியில் இருக்கிறவன், எப்போதோ பியானோ வாசித்தவன். வீட்டுக்காரி மெக் அறுபதுகளில் இருப்பவள். ஸ்டான்லியைப் பிள்ளை போலவும் கொஞ்சம் காதலன் போலவும் நடத்துகிறாள். அவள் கணவன் பீட்டி கடற்கரையில் சாய்வு நாற்காலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறான். கோல்ட்பர்க், மக்கான் என்று இருவர் அறை கேட்டு வருகிறார்கள். இன்று ஸ்டான்லிக்குப் பிறந்தநாள் என்று மெக் அவர்களிடம் சொல்கிறாள். விருந்து வைத்துவிடலாம் என்கிறான் கோல்ட்பர்க். தனக்கு இன்று பிறந்தநாள் இல்லை என்கிறான் ஸ்டான்லி. யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. மெக் அவனுக்கு ஒரு பொம்மை மத்தளத்தைப் பரிசாகக் கொடுக்கிறாள். இரவு விருந்து நடக்கிறது. மறுநாள் காலை சவரம் செய்து, நல்ல உடை உடுத்தி, பேச்சிழந்து நிற்பவனை அந்த இருவரும் அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

1958 ஏப்ரல் 28இல் கேம்பிரிட்ஜில் முதலில் மேடையேறியது. மே 19இல் லண்டனில் ஹாமர்ஸ்மித் லிரிக் அரங்குக்கு வந்து எட்டுக் காட்சிகளோடு நின்றுபோயிற்று. 'சண்டே டைம்ஸ்' இதழில் ஹெரால்ட் ஹாப்ஸன் எழுதிய பாராட்டு வெளிவந்தபோது பார்ப்பதற்கு நாடகம் இல்லை. நம்மைப் போலப் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்த விவரம் ஓர் அற்ப திருப்தி தரலாம்.

2

கோல்ட்பர்க்கும் மக்கானும் யார் என்பதுதான் இந்த நாடகத்தைப் பற்றி வழக்கமாக எழுப்பப்படும் கேள்வி. ஸ்தாபனம், அரசு, மதம், சமூகத்தின் ஒழுங்கு என்று பதில்களும் உண்டு. பின்டரே பிற்காலத்தில் தம் ஆரம்ப நாடகங்களை அரசியல் நாடகங்களாகப் பார்த்துப் பேசியிருக்கிறார். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. கெட்டவர்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள், காரில் வந்தார்கள், காரியத்தை முடித்துவிட்டுப் போனார்கள் என்று ஆகிவிடுகிறது. வீட்டில் இருந்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

பிறந்தநாளை வீட்டுக்குள் கொண்டுவந்தது மெக். வந்த இருவரும் அதைத் தங்களுக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஸ்டான்லியை வளைத்துப் பிடிக்க அவர்கள் வேறு வழி தேடியிருக்க வேண்டியிருக்கும். அன்பு அந்த வேலையை மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டது. குடிக்கக் கோப்பை, வாழ்த்திப் பேச ஆள், அணைப்பதற்கு விளக்கு, விளையாட ஒரு கண்ணாமூச்சி. ஒரு கொண்டாட்டத்துக்கு வேண்டிய சாமான்களும் ஒருவனைச் சிதைப்பதற்கு வேண்டிய சாமான்களும் ஒன்றாகவே இருக்கின்றன என்பதைப் பின்டர் கண்டிருக்கிறார். எதையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கவில்லை.

விருந்தில் ஓர் இடம். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சின் வெளிச்சத்தை ஸ்டான்லியின் முகத்தில் மட்டும் பாய்ச்சி வைத்துக்கொண்டு, மெக்கை வாழ்த்துரை சொல்லச் சொல்கிறார்கள். அவள் மனம் உருகிப் பேசுகிறாள். அவள் பேச்சில் பாசாங்கு கிடையாது. வெளிச்சத்தில் இருப்பவனுக்குத் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரையும் தெரியாது. போலீஸ் விசாரணைக்கும் பாராட்டு மேடைக்கும் வெளிச்சம் விழுகிற விதம் ஒன்றுதான் என்று இதைப் படித்தபோது எனக்குப் பட்டது. அப்படி ஒரு மேடையை நானே அமைத்திருந்ததால் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

3

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுகிற எட்டுப் பத்துப் பேரில் அவர் மூத்தவர். தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். நாற்பது ஆண்டுகளில் இரண்டு சிறிய கவிதைத் தொகுப்புகள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. 2024இல் அவருக்கு அறுபது.

அந்த ஆண்டு ஏப்ரலில் அவர் என் கவுண்ட்டருக்கு வந்தார். ஓய்வுபெறும்போது வரும் பணத்தை வைப்புநிதியில் போடுவதற்கு முன் கணக்கு விவரங்களைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. படிவத்தில் பிறந்த தேதியை 1.6.1964 என்று எழுதியவர் பேனாவை மூடிக்கொண்டே சிரித்தார்.

"இது ஹெட்மாஸ்டர் பெத்த தேதி தம்பி. அம்மா பெத்தது தனுஷ்கோடி போன மார்கழியில."

என் கவுண்ட்டருக்கு வருகிற அறுபது வயதுக்காரர்களில் மே, ஜூனில் பிறந்தவர்கள் இவ்வளவு பேர் எப்படி என்று நான் யோசித்ததுண்டு. பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். பையனுக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு தேதியை எழுதிக்கொள்வார்கள். இவருக்கு 1969இல் அது நடந்திருக்கிறது. தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு. அதற்கு அடுத்த வாரத்தில் பிறந்தவர் ஏட்டில் ஏழு மாதம் மூத்தவராகிவிட்டார். இன்னொன்றும் உண்டு. மத்திய அரசு ஊழியர் மாதத்தின் முதல் தேதியில் பிறந்திருந்தால் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வுபெற வேண்டும். ஆகவே 2024 மே 31இல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஏழு மாசச் சம்பளம், அந்த வாத்தியாருக்குக் குரு தட்சிணை" என்றார்.

சரியான நாள் எது என்று கேட்டேன். தேதி அம்மாவுக்குத் தெரியாது, நட்சத்திரம்தான் தெரியும். அந்த நாளில் ஒரு பாயசம் வைப்பாள், அவ்வளவுதான் என்றார். அம்மா இறந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. எனக்குப் பின்னால் வரிசையில் ஆள் நின்றது. பேச்சு அத்தோடு நின்றது.

மே மாதம் முதல் வாரத்தில் ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினேன். வெளியூர் நண்பர்களையும் சேர்த்துப் பத்தொன்பது பேர். அவர் இல்லை. அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்பதுதான் திட்டத்தின் உயிர். வேலைகள் பிரிக்கப்பட்டன. அரங்கம், மலர், அழைப்பு, சாப்பாடு, வெளிநாட்டு நண்பர்களின் வீடியோ வாழ்த்து. மலருக்கு முப்பத்துநான்கு கட்டுரைகள் வந்தன. அவர் கவிதைகளைப் படித்துவிட்டு எழுதப்பட்டவை அதில் ஏழோ எட்டோ. ஜூன் 1 சனிக்கிழமை. மாதத்தின் முதல் சனி என்பதால் எனக்கு வங்கி உண்டு. ஞாயிறு ஜூன் 2 என்று முடிவாயிற்று. ஹெட்மாஸ்டர் கொடுத்த தேதியையும் எங்கள் வசதிக்காக ஒரு நாள் தள்ளிவிட்டோம். தேதியே தப்பு என்பது பத்தொன்பது பேரில் எனக்கு மட்டும் தெரியும். நான் சொல்லவில்லை. அரங்கத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. அவர் மனைவியிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரகசியம் வெளியே போய்விடும் என்று கேட்கவில்லை.

விழா நன்றாக நடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டேன். குமாஸ்தாவுக்குக் கணக்கு நேராகாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனசு வராது. கேக் திறந்த புத்தகத்தின் வடிவத்தில் இருந்தது. அதன்மேல் அவர் கவிதை வரி ஒன்று. பேக்கரியிலிருந்து போட்டோ அனுப்பினார்கள். ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது. காலை ஏழு மணிக்குப் போனில் பேக்கரிக்காரரோடு சண்டை போட்டு அந்த ஒற்றை வைக்கச் செய்தேன். ஒற்று விஷயத்தில் அவர் கறாரானவர், பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்று எண்ணினேன். அந்த வரியைக் கத்தியால் வெட்டச் சொல்லி அவர் கையைப் பிடித்தபோது அப்படியேதும் எண்ணவில்லை.

அவரைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, "இன்னிக்கு எனக்குப் பிறந்தநாள் இல்லை" என்றார்.

அரங்கம் சிரித்தது, கைதட்டியது. கவிஞர் அல்லவா, கவித்துவமாக ஏதோ சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் ஒரு நிமிஷம் நின்றார். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நானும் கைதட்டினேன்.

அரசியல் தலைவர்களின் பிறந்தநாள் கட்அவுட்டைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டம் நம்முடையது. அன்று வாசலில் ஆறடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தோம். எழுத்துரு நாகரிகமாக இருந்தது என்பதைத் தவிர வித்யாசம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவதில்லை. உடம்பு சரியில்லை என்றார், பிறகு பேரன் வந்திருக்கிறான் என்றார். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம்.

4

இந்த இடத்தில் நிறுத்தினால் கட்டுரை பாவமன்னிப்புக் கேட்பதாக முடிந்துவிடும். நடத்துகிறவனின் தரப்பு என்று ஒன்று இருக்கிறது. அதை மிக நியாயமாக எழுதியிருப்பவர் செக்காவ்.

1888இல் அவர் எழுதிய 'பெயர் நாள்' என்ற நீண்ட கதை அது. ரஷ்யாவில் அன்று பிறந்தநாளைவிடப் பெயர் நாளுக்கு மதிப்பு அதிகம். ஒருவருக்கு எந்தப் புனிதரின் பெயரோ அந்தப் புனிதரின் திருநாள். கணவனின் பெயர் நாளில் வீடு நிறைய விருந்தாளிகள். மனைவி ஓல்கா மிகாய்லோவ்னா கர்ப்பிணி. எட்டு வகைப் பதார்த்தங்களோடு பகல் விருந்து முடிந்த பிறகு தோட்டத்தில் ஒளிந்துகொள்கிற மாதிரி வந்து நிற்கிறாள். கதை அங்கே ஆரம்பிக்கிறது. திரும்ப உள்ளே போக வேண்டும், சிரிக்க வேண்டும், தேநீர், படகு, தீவில் உல்லாசம், எல்லாரையும் வழியனுப்புவது. தான் ஏன் சிரிக்கிறோம், ஏன் பொய் சொல்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. நள்ளிரவில் கடைசி வண்டி போன பிறகு கணவனோடு சண்டை. பொழுது விடிவதற்குள் வலி கண்டுவிடுகிறது. குழந்தை பிழைக்கவில்லை.

ஒரு விருந்து ஒரு குழந்தையைக் கொன்றது என்று சுருக்கினால் அசட்டுத்தனமாகிவிடும். செக்காவ் அப்படிச் சொல்லவில்லை. இந்த விருந்தாளிகள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் சிலருக்கும் வீட்டுக்குப் போனால் தேவலை என்றுதான் இருந்திருக்கும். ஆனால் எல்லாரும் சேர்ந்து ஒரு நாளைச் சந்தோஷமான நாளாக ஆக்குவது என்று ஏற்பட்டுவிட்டால், சந்தோஷம் ஒரு வேலையாகிவிடுகிறது. அந்த வேலையைச் செய்து முடிக்க யாருடைய உடம்பாவது வேண்டியிருக்கிறது. எங்கள் விழாவில் நூற்றிருபது பேருக்குக் கேசரியும் கிச்சடியும் செய்தவர்கள் இரண்டு நண்பர்களின் மனைவிமார். நன்றியுரையில் ஒலிபெருக்கிக்காரர் பெயர் இருந்தது, அவர்கள் பெயர் இல்லை. நன்றியுரையை எழுதியவன் நான்.

கான்ஸ்டன்ஸ் கார்னெட் இந்தக் கதையை மொழிபெயர்த்தபோது 'தி பார்ட்டி' என்று தலைப்பு வைத்தார். பெயர் நாள் என்பதை ஆங்கில வாசகனுக்கு விளக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். மொழிபெயர்ப்பு என்ற அளவில் குறையுள்ள தலைப்பு. ஆனால் கதையில் நடப்பதை அது தெரியாமலே சொல்லிவிடுகிறது. பொழுது சாயும்போது அது யாருடைய நாள் என்பது எல்லாருக்கும் மறந்துவிடுகிறது. பார்ட்டி மட்டும் மிஞ்சுகிறது.

5

ஆகவே விழாவே வேண்டாம், நட்பு மௌனத்தில் இருக்கிறது என்று யாராவது கிளம்பக்கூடும். நம் வட்டத்தில் அது எளிதாக விலைபோகிற சரக்கு. அதற்கு எதிராக நான் வைக்க விரும்புவது ஆலிஸ் மன்றோவின் 'டே ஆஃப் தி பட்டர்ஃப்ளை'. 1968இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பில் இருக்கும் கதை.

பள்ளிக்கூடக் கதை. மைரா என்ற பெண் தன் தம்பியோடு எப்போதும் ஒதுங்கி நிற்பவள். அவளிடம் அன்பாக இருக்க வேண்டும் என்று டீச்சர் மற்றப் பெண்களுக்குப் புத்தி சொல்கிறாள். அதிலிருந்தே அந்த அன்பு ஒரு கேலி விளையாட்டாகிவிடுகிறது. கதையைச் சொல்லும் ஹெலன் ஒருநாள் வழியில் மைராவைத் தனியாகச் சந்திக்கிறாள். தின்பண்ட டப்பாவில் இனாமாக வந்த பட்டாம்பூச்சி ப்ரூச் ஒன்றை அவளையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறாள். பிறகு மைராவுக்கு ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் பிறந்தநாள் கொண்டாடலாம் என்று டீச்சர் ஏற்பாடு செய்கிறாள். மைராவின் பிறந்தநாள் ஜூலையில், கொண்டாட்டம் மார்ச்சில். ஏன் என்று கதையில் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெண்களிடையே இது ஒரு ஃபேஷனாகிப் பரிசுப்பொருளில் போட்டி ஏற்படுகிறது. கட்டில்மேல் பரிசுகள் குவிகின்றன. கடைசியில் எல்லாரும் கிளம்பும்போது மைரா ஹெலனை மட்டும் கூப்பிட்டு, அந்தக் குவியலிலிருந்து ஒன்றை அவளுக்குக் கொடுக்கிறாள். குணமாகி வந்த பிறகு சேர்ந்து விளையாடலாம் என்கிறாள். வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கிறது. ஹெலனுக்குப் போய்விட வேண்டும்போல் இருக்கிறது.

மன்றோவின் கண் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இந்தக் கடைசிப் பகுதி சாட்சி. விருந்து போலி, பட்டாம்பூச்சி நிஜம் என்று பிரித்துக் காட்டுவது எளிது. நம் கதைக்காரர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் முடித்திருப்பார்கள். மன்றோ முடிக்கவில்லை. அந்தப் பட்டாம்பூச்சியைக் கொடுத்த கணத்திலிருந்தே ஹெலன் பயப்படத் தொடங்கிவிடுகிறாள். மைரா அதைக் குத்திக்கொண்டு பள்ளிக்கு வந்தால்? தன்னை சிநேகிதி என்று உரிமை கொண்டாடினால்? தனியாகக் கொடுத்த ஒன்று கொடுத்தவளைப் பிடித்துக்கொள்கிறது. எல்லாரோடும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பரிசில் அந்த ஆபத்து இல்லை.

இதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிப்பார்க்கிறேன். வங்கியில் பல பேர் சேர்ந்து ஒரு கடனுக்குக் கையெழுத்துப் போட்டால் ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. மற்றப் பேர் ஓடிவிட்டாலும் இருக்கிற ஒருவனிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். பத்திரத்தில் அப்படித்தான் இருக்கும். சேர்ந்து நடத்துகிற கொண்டாட்டம் இதற்கு நேர் எதிர். ஒரு மனிதருக்குப் பத்தொன்பது பேரும் பட்டிருந்த கடனைப் பத்தொன்பதாகப் பிரித்து, ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய் என்று கட்டி, அன்று இரவே கணக்கை முடித்துக்கொண்டோம். விழா எவ்வளவு குறையில்லாமல் இருக்கிறதோ அவ்வளவு சுத்தமாகக் கணக்கு முடிகிறது. குறையில்லாமல் நடத்த வேண்டும் என்று எனக்கு இருந்த வெறியின் காரணம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அவர் கவிதைகளிலிருந்து நான் எடுத்துக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. எனக்கு எழுதத் தெரியும் என்று என்னிடம் முதலில் சொன்னவர் அவர். அந்தக் கடன் என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

ஹெலன் மைராவின் பரிசை வாங்கிக்கொள்கிறாள். மனசுக்குள் வாங்கிக்கொள்ளவில்லை. கவுண்ட்டரில் பேனாவை மூடிக்கொண்டு அவர் எனக்குச் சொன்னதும் ஒரு பரிசுதான். வேறு யாரிடமும் சொல்லாத ஒன்று. நான் அதற்கு ரசீது கொடுத்து அனுப்பிவிட்டேன்.

6

மூன்று படைப்புகளிலும் நாள் நாளாக இல்லை. பின்டரில் பிறந்தநாளே இல்லை என்கிறான். செக்காவில் பிறந்தநாளுக்குப் பதில் ஒரு புனிதரின் நாள். மன்றோவில் ஜூலைக்குப் பதில் மார்ச். இது தற்செயலாக அமைந்த ஒற்றுமைதான், இதிலிருந்து கொள்கை எதையும் உருவாக்கிவிட முடியாது. ஆனால் மூவரும் ஒரே இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். கொண்டாடுகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்வது நாளைத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பீட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விருந்தன்று அவன் வீட்டில் இல்லை, சதுரங்கம் ஆடப் போயிருந்தான். மறுநாள் காலை ஸ்டான்லியைக் கூட்டிக்கொண்டு போகும்போது தடுக்கப் பார்க்கிறான். அவனையும் கூட வரும்படி அழைக்கிறார்கள், அடங்கிவிடுகிறான். பிறகு கடைக்குப் போயிருந்த மெக் திரும்பி வருகிறாள். நேற்றைய விருந்து எவ்வளவு அழகாக இருந்தது, தான் எவ்வளவு அழகாக இருந்தோம் என்று நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறாள். ஸ்டான்லி போய்விட்டான் என்பதை அவன் அவளிடம் சொல்வதில்லை. நாடகத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது இந்த மௌனம்தான். மக்கானையும் கோல்ட்பர்க்கையும் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். பீட்டியை வெறுக்க முடியவில்லை. எங்கள் குழுவில் விழாவின் போட்டோக்கள் வந்துகொண்டிருந்த ஒரு மாதம் முழுக்க, அருமையான விழா என்று அவர்கள் எழுத எழுத, நானும் கைகூப்பிய பொம்மையைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

1964-65 குரோதி வருஷம். அறுபது ஆண்டு சுற்றி 2024-25இல் மறுபடி குரோதி வந்தது. அதன் மார்கழியில்தான் அவருக்கு அறுபது நிறைந்திருக்க வேண்டும். திருக்கடையூருக்குப் போகிறவர்கள் நட்சத்திரம் பார்த்துத்தான் போகிறார்கள். சடங்குகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அரங்கம் கிடைக்கிற ஞாயிறுக்கு நட்சத்திரத்தை மாற்ற முடியாது என்பதில் ஏதோ ஒரு மரியாதை இருக்கிறது.

டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுக்குப் போனேன். தனுஷ்கோடிக்கு அடுத்த வாரம் என்பதைத் தவிர வேறு கணக்கு என்னிடம் இல்லை. கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. "வாங்க தம்பி, கூட்டம் இல்லையா இன்னிக்கு?" என்றார். இல்லை என்று பொய் சொன்னேன். சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தோம். விழாவைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நடுவில் அவர் மனைவி உள்ளேயிருந்து இரண்டு தம்ளர்களில் பாயசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். என்ன விசேஷம் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அது மரியாதையா, பீட்டியின் மௌனமா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை. அவர் இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை.

குழு கலைக்கப்படவில்லை. எழுபதுக்கு உதவும், இருக்கட்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் வங்கிக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஜூன் 1ஆம் தேதி காலையிலும் அவருக்கு வாழ்த்து அனுப்பும். தேதியைத் திருத்த வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு சந்தேகம் வந்தது. பெயரை விட்டுவிட்டால் மட்டும் ஆயிற்றா, இந்தக் கட்டுரையும் அவர் முகத்தில் அடிக்கிற டார்ச்தானே? கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே கொடுத்தேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடலாம் என்றேன். இரண்டு நாள் கழித்து வங்கிக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் கவுண்ட்டருக்குள் நீட்டிவிட்டுப் போனார். வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். நான்கு இடங்களில் விட்டுப்போயிருந்த ஒற்றைப் பென்சிலால் சேர்த்திருந்தார். வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை.